பதினோராவது நகர்வுக்கு மூன்று பிரதிகள்

என் பெயரை ஒரு செஸ் நகர்வுக்கு வைக்கலாமா என்று கை தூக்கச் சொன்னபோது ஆதரவாகப் பதினோரு கைகள் உயர்ந்தன. எதிராக நான்கு. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை நடுநிலை என்று குறித்துக்கொண்டார்கள். உயர்ந்த பதினோரு கைகளில் ஒன்று என் கூமுடையது. அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூம் என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா சிநேகிதன் இல்லை. கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன். அன்றைக்கு அப்புறம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அவனுக்கு நான் கூம், எனக்கு அவன் கூம். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டால் சமாதானம் பேச நாலு பேர் வருவார்கள். கூமோடு சண்டை என்றால் யாரும் வர மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கவே கூடாது. என் கூம் மிலுடின், மோஸ்தினா தபால் நிலையத்தில் பார்சல் பிரிவு. நான் கோய்கோ ராடாக், சர்க்கரை ஆலையில் எடைமேடை. பீட் கிழங்கு ஏற்றி வரும் லாரிகளை மேடையில் நிறுத்தி, எடை பார்த்து, போ என்று கை காட்டுவேன். இருபது வருஷமாக அதுதான் வேலை.

ஒன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் அவனும் ஒரே ஒரு தொடக்கத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். வெள்ளைக் காய் வைத்திருப்பவன் ஆடும் பழைய தொடக்கம்தான், எல்லாருக்கும் தெரிந்தது. பத்து நகர்வு வரை புத்தகத்தில் இருக்கிறது. பதினோராவதில் எல்லாரும் ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்புவார்கள். நான் கண்டுபிடித்தது என்னவென்றால், அந்த இடத்தில் குதிரையைத் திருப்பி, அது முதல் நகர்வில் புறப்பட்ட கட்டத்திலேயே கொண்டுபோய் வைப்பது. பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் குதிரை விலகிய வழியில் ராணி ஒரே பாய்ச்சலாகப் பாயும், பின்னாலேயே மந்திரி வரும், எதிராளியின் ராஜா எட்டு நகர்வில் செத்துப்போவார். முதன்முதலாக அதை மேசையில் வைத்துக் காட்டியபோது மிலுடின் எழுந்து நின்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ரக்கியா சாராயக் கிளாஸ் கவிழ்ந்தது. விதா, என் மனைவி, சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து.

செஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. புது நகர்வைப் போட்டியில் யார் முதலில் ஆடுகிறாரோ, போட்டி அறிக்கையில் அச்சாகும்போது அது அவர் பெயரில் போகும். அப்புறம் உலகம் உள்ளவரை அந்தப் பெயர்தான். எனக்கும் விதாவுக்கும் பிள்ளை இல்லை. ராடாக் என்ற பெயர் எடைமேடைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. அதனால் எனக்கு அந்த நகர்வு என் பெயரில் அச்சாக வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை, இதை மட்டும் கேட்டேன்.

ஆடிவிட வேண்டியதுதானே என்பீர்கள். வேறு ஊரில் ஆடிவிடலாம். எங்கள் ஊரில் முடியாது. எழுபத்து நாலில் எங்கள் சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்து ஊருக்குப் போய் யாரும் கேள்விப்படாத நகர்வு ஒன்றை ஆடிப் பதினாலே நகர்வில் தோற்றுவிட்டு வந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் சிரித்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு மோஸ்தினா உழைப்பாளர் செஸ் சங்கம் ஒரு விதி போட்டது: புது நகர்வு எதுவானாலும் முதலில் சுயநிர்வாகத் தொடக்க ஆட்டக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். குழுவில் பதினாறு பேர். அவர்களில் செஸ் ஆடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் சமநிலைக்காக.

தலைவர் தோழர் ஸ்வெதோசார். முன்பு நகராட்சி நீச்சல்குளத்துக்குத் தலைவராக இருந்தார், அதற்கு முன் மாட்டுச்சந்தைக்கு. இரண்டையும் இப்போது மூடிவிட்டார்கள். குழுவின் செயலாளர் என் கூம் மிலுடின்.

"மனு போடு கூம்," என்றான் மிலுடின். "மூணு பிரதி. நான் உள்ள இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுறே?"

படிவத்தில் ஏழு கட்டங்கள். நகர்வின் நோக்கம். நகர்வால் சமூகத்துக்குப் பயன். நகர்வை ஆட ஆகும் நேரம். ஆறாவது கட்டம்: குறைபாடுகள்.

"இதுல என்ன எழுத?" என்று கேட்டேன்.

"'இல்லை'ன்னு போடு. குறை இருக்குன்னு எழுதினியோ, அதையே புடிச்சுத் தொங்குவானுங்க. நான் தினம் பாக்குறேன்."

இல்லை என்று மூன்று பிரதியிலும் எழுதினேன்.

மார்ச் மாதம் கூட்டம், கலாச்சார இல்லத்தின் பெரிய அறையில். என்னுடையது நான்காவது பொருள். முதல் பொருள் கூரை ஒழுகுவது. அது ஆறாவது வருஷமாக முதல் பொருளாக இருக்கிறது. தண்ணீர் சொட்டும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். ஸ்வெதோசார் வாளியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று பேசினார்.

"தோழர்களே, குதிரைங்கறது முன்னால போற பிராணி. போர்ல நம்ம குதிரைங்க பின்னால போச்சா?"

"போச்சே தோழரே, நாப்பத்தி ரெண்டுல," என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு ஓய்வூதியக்காரர்.

"அது தந்திரம். இது வேற. இந்தத் தோழர் பத்து நகர்வு பாடுபட்டு ஆடுறார். பதினொண்ணாவதுல மறுபடி ஆரம்பிச்ச இடத்துக்கே வர்றார். இந்த மாதிரி போக்கு நம்ம ஊர்ல இதுக்கு முன்ன இருந்ததில்ல. இதை நான் தனியா முடிவு பண்ணினா அது சர்வாதிகாரம். அதனால நான் எதையுமே முடிவு பண்றதில்ல. இருபது வருஷமா அப்படித்தான். அடிமட்டத்தோட கருத்தைக் கேப்போம்."

வாளியில் சொட்டு விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அடிமட்டம் என்றால் சர்க்கரை ஆலை. ஏப்ரலில் ஆலைத் தொழிலாளர் பேரவை கூடியது. கொதிகலன் பிரிவு, மூட்டை பிரிவு, பழுது பிரிவு என்று பிரிவு பிரிவாக என் நகர்வை விவாதித்தார்கள். கரும்பலகையில் கட்டம் வரைந்து காட்டினேன்.

"இதுனால விடுமுறை கூடுமா?" என்று மூட்டைப் பிரிவிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"கூடாது."

"குறையுமா?"

"குறையாது."

"அப்போ எதுக்குய்யா எங்களைக் கேக்குறீங்க?"

சமையல்காரி மணியடித்தாள். அவரைக்கொட்டை சூப்பும் தொத்திறைச்சியும், ஆறிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கை தூக்கிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

மே மாதம் துணைக்குழு என் நகர்வைச் சோதித்தது. மூன்று பேர் தங்களுக்குள் மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் வெள்ளை தோற்றது. சங்கத்துக் காய்ப்பெட்டியில் வெள்ளை ராணி தொலைந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பதில் உப்புக் குப்பியை வைத்து ஆடினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஒருவர் ராணியை எடுத்துத் தக்காளி மேல் தூவிவிட்டுத் திரும்ப வேறு கட்டத்தில் வைத்துவிட்டார். இது அறிக்கையில் "வெள்ளைக்குச் சில தற்காலிகச் சிரமங்கள்" என்று வந்தது. அறிக்கையை எழுதியவன் மிலுடின்.

"பாத்தியா, எப்படி மென்மையா எழுதியிருக்கேன்!" என்றான். நான் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

ஜூனில் ஒரு ஞாயிறு. மிலுடின் அன்றைக்கு வரத் தாமதம். பலகையில் பதினோராவது நகர்வு ஆடி முடித்த நிலை அப்படியே இருந்தது. விதா சூப் பானையோடு வந்தாள்.

"கோய்கோ, இதை எடு, கை சுடுது."

"ரெண்டு நிமிஷம் விதா, யோசிச்சுட்டிருக்கேன்."

"ஒம்போது வருஷமா யோசிக்கிற, சூப்பு அதுவரைக்கும் நிக்குமா?" என்று சொல்லிப் பானையின் அடியால் பலகையை ஓரமாகத் தள்ளினாள். காய்கள் எதுவும் விழவில்லை. கறுப்பு ராஜாவுக்கு முன்னால் ஓரத்தில் நின்ற சிப்பாய் மட்டும் ஒரு கட்டம் நகர்ந்தது.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த ஒரு சிப்பாய் ஒரு கட்டம் வந்து நின்றதும் என் மந்திரிக்கு வர இடமில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் ராணி தனியாக மாட்டிக்கொண்டாள். குதிரை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நானும் மிலுடினும் கறுப்புக்கு நாற்பது பதில் பார்த்திருக்கிறோம், பெரிய பெரிய பதில்களாக. இதை மட்டும் பார்க்கவில்லை. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தொடாதே என்றுதான் எல்லாப் பாடப்புத்தகமும் முதல் பக்கத்தில் சொல்கிறது. நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் தொடவில்லை.

"என்ன, உப்பு இல்லையா?" என்றாள் விதா.

"இருக்கு," என்றேன். அன்றைக்குச் சூப் இறங்கவே இல்லை.

ஆறாவது கட்டத்தைத் திருத்த வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தேன். திருத்தம் என்றால் புதிய மனு. புதிய மனு என்றால் மறுபடி கூரை, மறுபடி குழு, மறுபடி ஆலை, மறுபடி உப்புக் குப்பி. பேசாமல் இருந்துவிட்டேன். புத்தகம் படித்தவன் எவனும் அந்தச் சிப்பாயைத் தொட மாட்டான். மிலுடினிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும், அவனுக்குத் தெரியாத ரகசியம் எனக்கு ஏது? அன்றைக்கு அவன் வந்ததும் வராததுமாகத் தபால் நிலையத்துப் பிரச்சினை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. ஆகஸ்டில் அவன் கடல்பக்கம் போய்விட்டான்.

செப்டம்பரில் ஊர் முழுக்க மிளகாய் சுடும் வாசனை. பெண்கள் முற்றத்தில் அடுப்பு போட்டு அய்வார் மிளகாய் விழுது கிண்டிக்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு மிலுடின் வரவில்லை.

"எங்கே கூம், ஆளையே காணோம்?" என்று தபால் நிலையத்தில் போய்க் கேட்டேன்.

"மச்சான் வீட்டுல பன்னி அறுக்குறாங்க கூம், ஒத்தாசைக்குப் போயிட்டேன்."

செப்டம்பரில் எவன் பன்றி அறுப்பான்? குளிர் விழுந்து, நவம்பர் கடைசியில் அல்லவா பன்றி அறுப்பார்கள்? மூன்று வாரமும் ஒரே பன்றியா? எங்கள் ஊர்க் குழந்தை கூடச் சிரித்திருக்கும். நான் சிரிக்கவில்லை. "தொத்திறைச்சி கொஞ்சம் கொண்டாந்து குடு," என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் கூம். அவன் சொன்னால் சித்திரை வெயிலிலும் பன்றி அறுக்கலாம் என்று நம்புகிற ஆள் நான்.

அக்டோபரில் ஊர் விடுதலை நாள் போட்டி. ஏழு சுற்று, ஏழு நாள். பெரிய நகரமான நோவி சாட்டிலிருந்து பத்திரிகைக்காரர் வந்திருந்தார். ஆட்டங்களெல்லாம் அறிக்கையில் அச்சாகும். என் மனு ஒருவழியாக நிறைவேறி அறிவிப்புப் பலகையில் ஏறியிருந்தது. மூன்றாவது சுற்றில் எனக்கு வெள்ளை. கைகள் பரபரத்தன. ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் மிலுடின் ஓடி வந்தான்.

"கூம், ஆடிடாத! அறிவிப்பு ஒட்டி எட்டு நாள் ஆகணும், அப்பத்தான் செல்லும். கடைசி ரவுண்டு அன்னிக்குத்தான் எட்டாவது நாள். இப்ப ஆடினா ரத்து பண்ணிடுவாங்க."

"கடைசி ரவுண்டுல எனக்குக் கறுப்பு வந்துட்டா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். கடைசிச் சுற்றின் ஜோடிகளைப் பலகையில் எழுதியபோது எனக்குக் கறுப்பு. எதிரே வெள்ளையில் தோழர் பொரிஷா லாலிச். மோஸ்தினாவின் ஒரே மாஸ்டர், ஸ்வெதோசாரின் மருமகன். நல்ல ஆட்டக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும், தோல்வி வரும் என்று தெரிந்தால் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார்.

சனிக்கிழமை காலை கலாச்சார இல்லத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் பெரிய காட்சிப் பலகை, பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்திய ஏதோ ஒன்று, அதன் பக்கத்தில் தீயணைப்புப் படையின் ஊதுகுழல்காரர். எதற்கு ஊதுகுழல் என்று எனக்குப் புரியவில்லை. லாலிச் என் தொடக்கத்தையே ஆடினார். எனக்குக் கறுப்பிலும் வேறு எதுவும் தெரியாது, அதனால் நானும் கூடவே போனேன். பத்து நகர்வு மடமடவென்று ஓடியது. பதினோராவதில் லாலிச் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். குதிரையைத் தூக்கினார். அது புறப்பட்ட கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்.

ஊதுகுழல் முழங்கியது. ஸ்வெதோசார் எழுந்து சிவப்புத் துணியை இழுத்தார். உள்ளே ஒரு பலகை, எண்ணெய்ச் சாயத்தில் எழுத்து: லாலிச் நகர்வு. சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது. அந்தச் சாயம் காய மூன்று வாரம் ஆகும்.

"தோழர்களே," என்றார் ஸ்வெதோசார், "இதைப் பின்வாங்கல்னு யாராவது சொன்னா, அவங்களுக்குச் சரித்திரம் தெரியாது. குதிரை தன்னோட வேரைத் தேடிப் போகுது! ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்!"

ஊதுகுழல் அடங்கியதும் நடுவர் எழுந்து அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார்.

நான் கை தூக்கினேன். "நடுவரே, இது என்னோட நகர்வு."

"உங்க நகர்வா? அவர் ஆடிட்டுக் கடிகாரத்தை அமுக்கிட்டாரே. இப்பத்தான் உங்க நகர்வு."

"கண்டுபிடிச்சது நான்!"

"ஆட்டம் நடக்கும்போது கண்டுபிடிப்பு பத்திப் பேசக் கூடாது தோழர், விதி இருக்கு."

ஸ்வெதோசார் என் பக்கம் குனிந்து, அன்பாக, என் மனுவின் மூன்றாவது பிரதியை என் முன்னால் வைத்தார். அடியில் ஒரு வரி, தட்டச்சில்: "மேற்படி நகர்வைக் கூட்டுநலன் கருதித் தோழர் லாலிச்சின் பயன்பாட்டுக்கு ஆசிரியர் மனமுவந்து அளிக்கிறார்." ஆசிரியர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், "ஆசிரியருக்காக, அவரது கூம்" என்று எழுதி, மிலுடின். ம எழுத்துக்கு நீளமாக ஒரு வால் இழுப்பான். எங்கள் கல்யாணப் பதிவேட்டிலும் அதே வால் இருக்கிறது, விதாவின் பெயர் மேல் போய் முட்டிக்கொண்டு.

என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து முதல் வரிசைக்குப் போனேன். மிலுடின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூம், என்ன இது?"

"போய் உக்காரு கூம். நேரம் ஓடுது."

"நீயா போட்டே கையெழுத்து?"

"கத்தாத. யோசிச்சுப் பாரு. எடைமேடைக்காரன் ஆடின நகர்வுன்னு எவன்யா அச்சடிப்பான்? லாலிச் ஆடினா நாடு பூரா பரவும். நகர்வு பொழைச்சுக்கும். உனக்கு அது பொழைக்கணும், அவ்வளவுதானே?"

"என் பேரு?"

அவன் மறுபடி செருப்பைப் பார்த்தான்.

"உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணுமில்ல கூம்... ட்ரியெஸ்தே. நவம்பர்ல லாலிச் எல்லை தாண்டி அங்க ஆடப் போறார். குழுச் செயலாளரா நானும் கூடப் போறேன்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு." கொஞ்சம் யோசித்து, "பஸ்ல போக வர சேத்தா மூணு," என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒன்பது வருஷத்தை ஒருத்தன் மூன்று நாளுக்குத் தாரை வார்த்திருக்கிறான், அதிலும் ஒரு நாள் பஸ்ஸில். பலகை கலங்கித் தெரிந்தது; கண்ணில் தண்ணீர். அதைத் துடைக்க எனக்கு வெட்கமாக இல்லை. எதிரே லாலிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்துப் பதில் எதையாவது ஆடினால் எட்டு நகர்வில் நான் காலி. நகர்வு பிழைக்கும். உலகம் உள்ளவரை லாலிச் நகர்வு.

ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் அது இன்றைக்கே, இந்த மேசையிலேயே செத்துப்போகும். நான் வளர்த்தது. என் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தது. அதைக் கொல்லும் வழி இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், மிலுடினுக்குத் தெரியாது. ஜூனில் அந்த ஞாயிறு அவன் கொஞ்சம் வாயை மூடியிருந்தால் தெரிந்திருக்கும்.

பதினைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் விரல் நுனியால், விதா பானையால் தள்ளின மாதிரியே, சிப்பாயைத் தள்ளினேன்.

பின்வரிசையில் சலசலப்பு.

"ராஜா முன்னாடி சிப்பாயைத் தள்றான்யா! பயந்துட்டான்!"

"எடைமேடைக்காரன்தானே, தள்ளிவிட்டே பழக்கம்."

"இருய்யா, இரு... இப்ப மந்திரி எங்க போகும்?"

"ஏன், இங்க."

"அங்கதான் சிப்பாய் நிக்குதே."

"அப்போ ராணி?"

"ராணி எங்கயும் போக முடியாதுய்யா. அய்யய்யோ!"

லாலிச் ஐம்பது நிமிஷம் யோசித்தார். முதலில் சிரிப்பு போனது. அப்புறம் கைக்குட்டை நெற்றிக்குப் போனது. நடுவில் ஒருமுறை ஸ்வெதோசாரைப் பார்த்து, தனக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கிறது என்று சைகை காட்டினார். இருபத்து மூன்றாவது நகர்வில் ராணியை இழந்து, ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஊதுகுழல்காரருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆட்டம் முடிந்ததைப் பார்த்து அவர் மறுபடி ஊதினார்.

நான் ஜெயித்தேன். மாஸ்டரை, அதுவும் கறுப்பில். யாரும் கை குலுக்கவில்லை, எனக்கும் குலுக்கத் தோன்றவில்லை. ஒன்பது வருஷத்துப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யார் வாழ்த்து வாங்குவார்கள்?

அன்று மத்தியானமே குழு அவசரமாகக் கூடியது. கூரை கடைசிப் பொருளாகத் தள்ளிவைக்கப்பட்டது. ஆறு வருஷத்தில் முதல்முறை.

"தோழர்களே," என்றார் ஸ்வெதோசார், "ஒரு நகர்வு ஜெயிக்கும்போது அது எல்லாருக்கும் சொந்தம். தோக்கும்போதுதான் அதைக் கண்டுபிடிச்சது யாருன்னு பாக்கணும். இதுதான் சுயநிர்வாகம். அந்த நகர்வை யார் கொண்டுவந்தது? மனுவுல இருக்கு, மூணு பிரதியிலும் இருக்கு. கோய்கோ ராடாக். அடுத்தவர் உழைப்பைத் தோழர் லாலிச் தன் பேர்ல வச்சுக்கணுமா? அது நியாயமா? கூடவே கூடாது! நகர்வுக்கு ராடாக் பேரை வைக்கணும்னு நான் முன்மொழியறேன்."

"அந்தச் சிப்பாய்?" என்று கேட்டேன். "அதைக் கண்டுபிடிச்சதும் நான்தானே?"

ஸ்வெதோசார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவைப் பிரித்தார்.

"ஆறாவது கட்டம். குறைபாடுகள்: இல்லை. உங்க கையெழுத்துத்தானே? குறையே இல்லைன்னு எழுதிக் குடுத்தவர், குறையை எப்படிக் கண்டுபிடிச்சிருக்க முடியும்? ஒண்ணு, அப்ப பொய் சொன்னீங்க. இல்லேன்னா இப்ப சொல்றீங்க. உங்களை நாங்க பொய்யர்னு நினைக்கல தோழர். அதனால கண்டுபிடிச்சது நீங்க இல்ல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ யாருன்னு கேப்பீங்க," என்றார் அவர். "இந்த நகர்வோட ஒம்போது வருஷம் பழகினவர். அமைதியானவர். மனுவை முதல்ல இருந்து கவனிச்சவர். தோழர் மிலுடின். பதிலுக்கு மிலுடின் தற்காப்புன்னு பேர் வைப்போம். ரெண்டையும் சேத்து ஒரே வாக்கெடுப்பு. கூரைக்கும் கொஞ்சம் நேரம் வேணுமில்ல."

எதிராக நான்கு கைகள். நாலு பேரும் ஓய்வூதியக்காரர்கள், அறைக்குக் கணப்பு போடும்வரை எல்லாவற்றையும் எதிர்ப்பது என்று முடிவெடுத்தவர்கள். ஆதரவாகப் பத்து கைகள் உயர்ந்தன. நான் மிலுடினைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், அவன் தூக்க மாட்டான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் தூக்கினான். தோள் வரை வந்து நின்றது. ஸ்வெதோசார் எண்ணுவதை நிறுத்திக் காத்திருந்தார். அப்புறம் முழுதாக உயர்ந்தது. பதினொன்று.

அறிக்கை அச்சாகி வந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பதினோராவது நகர்வு, குதிரை வீட்டுக்குத் திரும்புதல், பக்கத்தில் என் பெயர், பெயருக்குப் பின்னால் இரண்டு கேள்விக்குறிகள். செஸ்ஸில் இரண்டு கேள்விக்குறி போட்டால் மன்னிக்க முடியாத தவறு என்று அர்த்தம். அடியில் "சரியான பதில்: மிலுடின் தற்காப்பு," ஆச்சரியக்குறியோடு. விதா அதைக் கத்தரித்து அலமாரியில் வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, சூப் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. விதா திறந்தாள். மிலுடின். புதுச் சட்டை, கையில் ட்ரியெஸ்தே காபிப் பொட்டலம், அக்குளில் செஸ் பலகை. ஒன்றுமே நடக்காதது போல் உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, காய்களை அடுக்கினான். பதினோரு நகர்வையும் ஆடி, ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூம்," என்றான். "நோவி சாட்டுல கூப்பிட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை சொற்பொழிவு. மிலுடின் தற்காப்பு பத்தி." குரலைத் தாழ்த்தினான். "இந்தச் சிப்பாயை ஏன் தள்றோம்? எனக்கு விளங்கவே மாட்டேங்குது கூம். ஒரு தடவை சொல்லிக் குடேன்."

விதா சமையலறை வாசலில் பானையோடு நின்றிருந்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. பானையை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள், நான் கை காட்டி நிறுத்தினேன். எனக்கும் கத்த வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கத்துவதென்றால் கூம் என்று கூப்பிட்டுக் கத்த வேண்டும். அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

"மனு போடுங்க, தோழர் செயலாளர்," என்றேன். "மூணு பிரதி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இருபத்து ஓராம் வயதிலிருந்து அவனை நான் நீ என்றுதான் சொல்லியிருக்கிறேன். திட்டியிருந்தால் சிரித்திருப்பான். இதற்கு, தள்ளிய சிப்பாயை எடுத்துப் பழைய கட்டத்திலேயே வைத்தான்.

"கூம்..." என்றான்.

"ஆறாவது கட்டத்தை மட்டும் யோசிச்சு நிரப்புங்க," என்றேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் அதுல 'இல்லை'ன்னு எழுதச் சொன்னான். நானும் நம்பி எழுதினேன்."

அவன் எழுந்து தொப்பியைத் தேடினான். அது அவன் தலையிலேயே இருந்தது. விதா காபிப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்து, கதவைத் திறந்துவிட்டாள். பலகையை அவன் மறந்துவிட்டுப் போனான். விதா அதன் மேலேயே பானையை வைத்தாள்.